பள்ளி தொடங்கிய நாளும் நீல வளையப் பானையும்

1. வாசல்

வேலைக்குப் போன முதல் நாள் நான் பள்ளி வாசலைக் கடந்து நேராக நடந்துவிட்டேன். வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். தோளில் துவக்கு. எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாசலில் துவக்கோடு ஆள் நின்றால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். கால் தன்பாட்டில் நடந்தது. தெருவைச் சுற்றி வந்து மறுபடி பார்த்தேன். ஒரு சின்னப் பெண்பிள்ளை அவருக்கு வாயைத் திறந்து விழுந்த பல்லின் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். அதன் பிறகுதான் நான் கிட்டப் போனேன்.

"முதல்லை நேரை போனனீங்கள், ஏன்?" என்று கேட்டார். ஜேர்மன்காரர் சொன்னதையெல்லாம் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். வாசிக்கிறவர்களுக்கு அதுதான் சுகம்.

"உங்களைக் கண்டு பயந்து" என்றேன்.

"என்னைக் கண்டு பயந்தால் ஆரிட்டை வழி கேப்பியள்? அடுப்படி இடப்பக்கம்."

மேற்கு ஜேர்மனியின் ஒரு பெரிய நகரத்தில், யூதப் பிள்ளைகளுக்கான ஆரம்பப் பள்ளி அது. நகரத்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. வாசலில் ஏன் பொலிஸ் என்பதை அங்கே யாரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. இந்த நாட்டில் அந்த மக்களுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பயமுறுத்திக் கடிதம் எழுதுகிறவர்கள் இன்னமும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பொலிஸ்காரர் மரம்போல, மணிக்கூடுபோல வாசலில் இருக்கும் ஒரு பொருள். அவ்வளவுதான்.

1985இன் கடைசியில் எனக்கு வேலை அனுமதி கிடைத்தது. அந்தப் பள்ளியின் சமையலறையில் உதவியாளாகச் சேர்ந்தேன். இப்போது எங்கள் பெண்கள் பலர் ஆஸ்பத்திரி, விடுதி, பள்ளிச் சமையலறைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். என்ன படிக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் சேர்ந்த பிறகு வந்த முதல் பள்ளித் தொடக்க நாளில் நடந்ததை எழுதுகிறேன்.

2. மூன்று நிறம்

அந்தச் சமையலறைக்குப் பொறுப்பு ஹெர் சில்பர், அதாவது திருவாளர் சில்பர். எங்களுக்குள் நாங்கள் அவரைச் சில்பர் ஐயா என்போம். வயது அறுபதைத் தாண்டியவர். போலந்தில் பிறந்தவர். எப்போதும் சின்னத் தொப்பி, நன்றாகத் தோய்த்து மினுக்கிய வெள்ளை மேலங்கி. அவர் சமைப்பதில்லை. சமையல் அவர்களுடைய சமய முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பதே அவர் வேலை. வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பார். கீரையை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து இரத்தப் பொட்டு இல்லாததை மட்டும் எடுப்பார்.

காலையில் அடுப்பை மூட்டுவதும் அவர்தான். நாங்கள் மூட்டக்கூடாது. முதல் கிழமை இது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் கோயில் மடைப்பள்ளியில் வெளியாள் போய் நெருப்பு மூட்ட நாங்கள் விடுவோமா? அதற்குப் பிறகு அவர் தீக்குச்சி தட்டும்போது நான் பேசாமல் நிற்கப் பழகினேன்.

பாத்திரங்கள் மூன்று நிறம். சிவப்பு வளையம் போட்டவை இறைச்சிக்கு. நீல வளையம் பாலுக்கு. பச்சை வளையம் இரண்டும் இல்லாதவற்றுக்கு, அதாவது மரக்கறி, பழம், முட்டை, மீன். கோப்பை, கரண்டி, துடைக்கும் துணி, கழுவும் தொட்டி எல்லாம் அப்படியே. இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சமைக்கவும் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடவும் கூடாது. இறைச்சி சாப்பிட்டால் சில மணி நேரம் கழித்துத்தான் பாலோ பட்டரோ வாயில் வைக்கலாம்.

சிவப்புப் பானை எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமைகளில் மச்சச் சட்டி கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும். ஆனால் பாலை இறைச்சிக்குச் சமமாக நிறுத்தி, இரண்டும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது என்பது என் தலைக்குள் மெதுவாகத்தான் இறங்கியது. எங்களுக்குப் பால் என்றால் சுவாமிக்கு வைப்பது. பால் பட்டு எது கெடும்?

ஐயா எனக்குக் காரணம் சொல்லவில்லை. "நிறத்தைப் பாருங்கோ, போதும்" என்றார். நான் நிறத்தைப் பார்த்தேன். சந்தேகம் வந்தால் கேட்டேன். கேட்டால் அவர் ஒருநாளும் கோபிக்கவில்லை. கேட்காமல் தொட்டால்தான் கூரை அதிரும்.

"என்ரை தாய் எழும்பி வந்தாலும் என்னைக் கேக்காமல் இந்தக் கரண்டியைத் தொட விடமாட்டன்" என்பார்.

3. தவமணி அக்கா

1986 கோடை விடுமுறையில் சமையலறைக்கு இன்னொரு ஆள் தேவை என்றார்கள். நான் தவமணி அக்காவைச் சொன்னேன்.

தவமணி அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஊரில் மானிப்பாய் ஆள். கணவர் இல்லை. ஒரே மகளைத் தமக்கையின் வீட்டில் விட்டு வந்திருந்தார், மகளுக்கு அப்போது பத்து வயது. அகதியாக அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆனால் அக்கா இன்னும் அகதிகள் விடுதியில்தான் இருந்தார், அதை நாங்கள் ஜேர்மன் சொல்லில் ஹைம் என்போம். நிரந்தர வேலையும் தனி வீடும் காட்டினால் மகளைக் கூப்பிடும் விண்ணப்பத்தைக் கையில் எடுப்போம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வேலை ஒப்பந்தம் இல்லாமல் வீட்டுக்காரர் யாரும் கதவைத் திறக்கவில்லை. எனவே எல்லாம் அந்த ஒரு ஒப்பந்தத்தில் தொங்கி நின்றது. ஊரில் நிலைமை கிழமைக்குக் கிழமை மோசமாகிக்கொண்டிருந்தது.

அக்கா சுத்த சைவம். முட்டையும் இல்லை. ஐயாவிடம் நான் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இறைச்சி தொடவே மாட்டாவோ?"

"தொடமாட்டா."

"இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் இருபது வருசமாத் தேடுறன். பால் பக்கமும் மரக்கறியும் அவவின்ரை பொறுப்பு. இறைச்சிப் பக்கம் நீங்கள். ரெண்டு கிழமை பாப்பம். சரியெண்டால் ஒப்பந்தம்."

அக்காவைக் கூட்டிவந்து நிறங்களைக் காட்டினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். சிவப்பு வளையப் பாத்திரங்கள் இருந்த அலமாரிப் பக்கம் சேலைத் தலைப்புக்கூடப் படாமல் நடந்தார். எனக்கு ஒரு கவலையும் இல்லை. இவ பிழைவிட வழியே இல்லை என்று நினைத்தேன்.

4. தேனும் எழுத்தும்

ஜேர்மனியில் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் ஒரு பெரிய மட்டைக் கூம்பு செய்து, அதற்குள் இனிப்பும் பென்சிலும் நிரப்பிக் கொடுப்பார்கள். சில கூம்பு பிள்ளையைவிட உயரம். யூதப் பள்ளியிலும் அது உண்டு. ஆனால் கடை இனிப்புகளில் பலவற்றில் பன்றிக் கொழுப்பும் எலும்புப் பசையும் சேர்ந்திருக்கும். அதனால் அன்று காலை சில்பர் ஐயா சமையலறையில் இருக்கமாட்டார். வாசல் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கூம்பையும் திறந்து பார்ப்பார். கூடாத இனிப்பை எடுத்தால் கூடியதைத் தன் பெட்டியிலிருந்து போடுவார். ஒரு பிள்ளையும் குறைவோடு போகாது. பிறகு கூம்பின் வாயை நாடாவால் கட்டிவிடுவார். மத்தியானச் சாப்பாடு இறைச்சி. கூம்பில் இருப்பதில் பாதி பால் சொக்கலேற். அதனால் பின்னேரம் வீட்டில்தான் அவிழ்க்கலாம்.

"ஒவ்வொரு வருசமும் முதலாம் வகுப்புப் பிள்ளையளுக்கு நான்தான் முதல் எதிரி" என்று சொல்லிக்கொண்டு போனார்.

எங்களுக்குக் காலை வேலை வேறொன்று இருந்தது. பிளாஸ்ரிக் உறை போட்ட அட்டைகளில் அவர்களுடைய முதல் எழுத்துகள். அதன்மேல் தேன் பூச வேண்டும். பிள்ளை அந்தத் தேனை நக்கிச் சாப்பிட்டுப் படிப்பைத் தொடங்கும். படிப்பு இனிக்க வேண்டும் என்பது கருத்து. அக்கா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எழுத்திலை எச்சில் படலாமோ பிள்ளை?"

"அவையின்ரை முறை அக்கா. பூசுங்கோ."

"நாங்கள் அரிசியிலை எழுதுவிக்கிறம், அது ஒரு நியாயம். ஏட்டை நக்கிறதெண்டால்… சரஸ்வதி என்ன நினைப்பா?"

"அவ இஞ்சை வரமாட்டா. வாசல்லை பொலிஸ்."

அக்கா சிரித்துவிட்டு, ஒவ்வொரு அட்டையையும் கண்ணில் ஒற்றிய பிறகே தேன் பூசினார்.

அன்றைக்குச் சாப்பாடு உருளைக்கிழங்குச் சூப்பும் அவித்த மாட்டு இறைச்சிச் சொசேச்சும். வழமையாக முதல் நாளில் அதுதான். சூப் மரக்கறியில் செய்வது, அக்காவின் வேலை. சொசேச் என் வேலை, சிவப்புப் பானையில். மேசையில் வைத்துச் சொசேச்சை வெட்டிச் சூப்புக்குள் போட்டுச் சாப்பிடுவார்கள். இந்தக் கடைசி விசயத்தை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சூப் முதலில் வரும், அதை முடித்த பிறகு இறைச்சி வரும் என்று அவர் நினைத்திருந்தார்.

அதிபர் அம்மா வந்து, தாத்தா பாட்டிமாரும் வந்திருக்கிறார்கள், சாப்பாடு கூட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மண்டபத்தில் மேசை அடுக்கப் போனேன்.

5. நீலப் பானை

திரும்பி வந்தபோது சமையலறை முழுக்க நல்ல வாசம். சூப் தளதளவென்று கொதித்தது. பானையின் கழுத்தில் நீல வளையம்.

"அக்கா, ஏன் இந்தப் பானை?"

"பச்சைப் பானை ரெண்டும் சின்னன் பிள்ளை. அடுப்பிலை ஒரு வாய்தான் மிச்சம். சனம் கூடவெண்டு அந்த அம்மா சொல்லிப்போட்டுப் போறா. சிவப்பிலை வைக்க ஏலாது, அது மச்சம். இது பால் பானை. இந்த அடுப்படியிலை இதைவிடச் சுத்தமான பானை எது?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அது மானிப்பாயாக இருந்திருந்தால்.

"காலமை இதிலைதானே பால் விட்டுக் ககாவோ காய்ச்சினது?"

"ஓம். ஆசிரியர்மாருக்கு. வடிவாக் கழுவித் துடைச்சனான். மணந்து பார், ஒண்டும் இல்லை."

நான் சொன்னேன். பால் காய்ந்த பானையில் வெந்த சூப்புக்குள் இன்னும் கொஞ்ச நேரத்தில் சனம் இறைச்சியை வெட்டிப் போடப் போகிறது என்று. அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. நெருப்பைக் குறைத்தார்.

பச்சைப் பானைகள் இரண்டும் கழுவிக் கவிழ்த்தபடி மேசையில் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். சூப்பை அதற்குள் ஊற்றி, நீலப் பானையைக் கழுவிக் கொளுவிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஐயா மண்டபத்தில் இனிப்பு எண்ணிக்கொண்டிருந்தார். சூப்பின் நிறமும் மாறவில்லை, ருசியும் மாறவில்லை. மண்டபத்தில் பெரிய பிள்ளைகள் புதுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் படிக்கும் சத்தம் கேட்டது.

"உவரைக் கூப்பிடு" என்றார் அக்கா.

"அக்கா, நீங்கள் வந்து இன்னும் ரெண்டு கிழமை முடியேல்லை."

"தெரியும்."

"மகளின்ரை விசயம்…"

"அதை நீ எனக்குச் சொல்லுறியே?" குரல் ஏறியது. பிறகு இறங்கியது. மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்ரூலில் இருந்தார்.

"ஹைமிலை சாப்பாடு குடுத்தவை, நினைவிருக்கோ? நீ வேற ஹைமிலை இருந்தனீ. எங்கடை ஹைமிலை ஒரு சமையல்காரன். நான் ஒவ்வொரு நாளும் கேப்பன், இறைச்சி இல்லாததோ எண்டு. அவன் சிரிச்சுக்கொண்டு 'ஓம் ஓம், இல்லை' எண்டுவான். மரக்கறிச் சூப். நான் குடிச்சன். கந்தசட்டி வந்தது. ஆறு நாளும் தண்ணியோடை பிடிச்சன், பிள்ளை. விரதம் முடிச்ச பாறணைக்கு அந்தச் சூப்பும் பாணும்தான். பேந்து ஒருநாள் சாமான் கழுவப் போன எங்கடை பெடியன் வந்து சொன்னான், அக்கா, அது மாட்டெலும்பு அவிச்ச தண்ணி எண்டு."

"அக்கா…"

"அவன் கூடாதவன் இல்லை. இறைச்சியெண்டால் அவனுக்குக் கண்ணுக்குத் தெரியிற துண்டு மட்டும்தான். துண்டைப் பொறுக்கி எடுத்துப்போட்டுத்தான் எனக்குத் தந்தவன். பாவம், பக்குவமாத்தான் செய்தவன். ஆனால் நான் மூண்டு நாள் ஓங்காளிச்சுக்கொண்டு கிடந்தன். இந்தத் தாத்தா பாட்டிமாரைப் பார். நான் அதை இவையளுக்குச் செய்யமாட்டன். கூப்பிடு அவரை."

நான் போய்க் கூப்பிட்டேன்.

6. பால் சாப்பாடு

ஐயாவின் கையில் இன்னும் ஒரு பிள்ளையின் கூம்பு இருந்தது. அப்படியே வந்துவிட்டார். பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்கா எழுந்து நின்று தன் நெஞ்சில் விரலை வைத்து, தெரிந்த ஜேர்மனில், "நான். நான் செய்தது. புவனம் இல்லை" என்றார். புவனம் நான்.

கூரை அதிரும் என்று காத்திருந்தேன். அவர் மிகவும் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பானையிலை கடைசியாப் பால் காய்ச்சினது எப்ப? நேற்றோ?"

அவருடைய குரலில் ஒரு ஆசை இருந்தது. நேற்றுக் காலையாக இருந்தால் அவர்களுடைய முறையில் கொஞ்சம் இடமுண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது தெரியாது. ஆனால் அவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்பது அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

"இண்டைக்கு" என்றார் அக்கா. "ககாவோ."

ஐயா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடவுளே, அந்தக் ககாவோவிலை ரெண்டு கோப்பை நான்தான் குடிச்சன்!"

கூம்பை என்னிடம் தந்துவிட்டு ரெலிபோனுக்குப் போனார். இப்படியான சந்தேகத்தைத் தீர்ப்பவர் அவர்களுடைய குருவான ராபி. ஐயா கதைத்த மொழி எனக்கு விளங்கவில்லை. தலை ஆட்டுவதும், மறுப்பதும், மறுபடி ஆட்டுவதும்தான் கதவுக் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. அக்கா சூப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய உதடு அசைந்தது. தேவாரமாக இருக்கும்.

ஐயா வந்து சொன்னார்: "சூப் நல்ல சூப். கொட்டத் தேவையில்லை. ஆனால் அது இனிப் பால் பக்கத்துச் சாப்பாடு. சொசேச்சோடை ஒரே மேசையிலை இருக்க ஏலாது. ரெண்டிலை ஒண்டு வெளியிலை போக வேணும்."

"சூப்பை விட்டால் சனத்துக்குக் காணாது" என்றேன்.

"அப்ப சொசேச் வெளியிலை. நாளைக்குச் சாப்பிடட்டும். என்ன இருக்கு?"

அக்கா குளிர் அறைக்குள் போய், அவர் கேட்கக் கேட்கச் சொன்னார். சீஸ், பட்டர், கிரீம், தயிர்போல இருக்கும் குவார்க், முட்டை, பாண், வெங்காயத்தாள். அந்தப் பக்கம் முழுக்க அவருடையது. எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வார். ஐயா முட்டையை எண்ணாமல் அள்ளி ஓட்டோடு அவிக்கச் சொன்னார், அவிப்பதற்கு உடைத்துப் பார்க்கத் தேவையில்லையாம்.

பெரிய வேலை மண்டபத்தில்தான். நான் அடுக்கி வைத்த சிவப்புக் கோப்பை, சிவப்புக் கரண்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நீலத்தை வைக்க வேண்டும். மேசை விரிப்பும் மாற்ற வேண்டும். அந்த நேரம் மேடையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தேன் நக்கிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியின் ஒரு சில்லு கிறீச் கிறீச் என்றது. அதிபர் அம்மா மேடையில் சிரித்தபடியே கண்ணால் என்னை எரித்தார். இடையில் இறங்கி வந்துவிட்டார்.

"இங்கை என்ன நடக்குது? முதல் நாள் எப்பவும் சொசேச்தானே!"

"இண்டைக்கு இல்லை" என்றார் ஐயா.

"ஆர் மாத்தினது?"

"அடுப்படி மாத்தினது. அடுப்படிக்குப் பொறுப்பு நான். வேற ஆரையும் நீங்கள் தேடவேண்டாம்."

அதிபர் அம்மா சமையலறைக் கதவைப் பார்த்தார். அக்கா அங்கே கையில் குவார்க் கிண்ணத்தோடு நின்றார். ஐயா மெதுவாக நகர்ந்து இருவருக்கும் இடையில் நின்றார். அதை நான் கண்டேன்.

சாப்பாடு போனது. கிரீம் விட்ட சூப், பாண், சீஸ், முட்டை, வெங்காயத்தாள் கலந்த குவார்க். பாட்டிமார் சந்தோசமாகச் சாப்பிட்டார்கள். ஒரு தகப்பன் மட்டும், நல்ல உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சொசேச் எங்கை? என்ரை மூத்தவன் தொடங்கேக்கை சொசேச் இருந்தது."

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா கைதட்டினார். மண்டபம் அமைதியானது.

"பிள்ளையள், இண்டைக்குச் சாப்பாடு பால் சாப்பாடு. அதாலை நீங்கள் பின்னேரம் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. கூம்பை இப்பவே அவிழ்க்கலாம்."

ஒரு கணம் யாரும் நம்பவில்லை. பிறகு எழும்பிய சத்தத்தில் வாசல் பொலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். நாடா பறந்தது, மட்டை கிழிந்தது. அந்த உயரமான மனிதரின் மகள் ஒரு சொக்கலேற்றைப் பாதி கடித்துவிட்டு மீதியைத் தகப்பனின் வாயில் திணித்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் விழுந்தது. அதன் பிறகு அவர் சொசேச்சைப் பற்றிக் கதைக்கவில்லை.

7. கழுவித் துடைத்த பிறகு

எல்லாரும் போன பிறகு ஐயா எங்கள் இருவரையும் சமையலறை மேசையில் இருத்தினார். மூன்று நிறப் பானைகளில் ஒவ்வொன்றை முன்னால் வைத்தார். எனக்கு ஒருநாளும் சொல்லாத காரணங்களை அன்றைக்குச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பால் கூடாதது இல்லை, இறைச்சியும் கூடாதது இல்லை, இரண்டும் சேர்வதுதான் கூடாது என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெளிவாக விளங்கியது.

"இதை முதலே சொல்லியிருக்க வேணும்" என்றார் ஐயா. "நிறத்தைப் பார் எண்டு மட்டும் சொன்னன். நிறம் தெரியும், ஏன் எண்டு தெரியாட்டில் இப்பிடித்தான் வரும்."

பிறகு என்னிடம், "இவவிட்டை ஒண்டு கேளுங்கோ. நான் வாசல்லை இருந்தன். சொல்லியிருக்காட்டில் எனக்குத் தெரியவே வந்திராது. ஏன் சொன்னவ?" என்றார்.

அக்கா ஹைம் கதையைத் திரும்பச் சொன்னார். சூப், சமையல்காரனின் சிரிப்பு, விரதம், பாறணை. கந்தசட்டிக்கு என்னிடம் ஜேர்மன் சொல் இல்லை. ஆறு நாள் உண்ணாமல் இருந்து கடவுளை வேண்டுவது என்றேன். ஐயா கடைசிவரை கேட்டார். சிவப்புப் பானையை எடுத்து அலமாரியில் வைத்தார். திரும்பி வந்தார்.

"இவவுக்குச் சொல்லுங்கோ. யுத்தத்துக்கை நான் பெடியன். எங்கடை சனத்தை அடைச்சு வைச்ச முகாமிலை என்ன தந்தாலும் திண்டனான். அது என்னெண்டு ஒருநாளும் கேக்கேல்லை. கேக்கிற ஆளாயும் நான் இருக்கேல்லை. திரும்பவும் கேக்கலாம் எண்டு வந்தபிறகுதான் நான் மனிசனானன். அதுக்குத்தான் இந்த வேலைக்கு வந்தனான்."

நான் சொன்னேன். அக்கா அவரைப் பார்த்துக் கை கூப்பினார். அவருக்கு அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கு நேரத்தோடை வரச் சொல்லுங்கோ" என்றார். "நான் அடுப்பு மூட்டேக்கை பக்கத்திலை நிக்கட்டும். அதிபரிட்டை ஒப்பந்தத்துக்கு நான் இண்டைக்கே சொல்லுறன். ரெண்டு கிழமை வரைக்கும் பாக்க எனக்கு இனி ஒண்டும் இல்லை."

அக்காவும் நானும் ட்ராமில் திரும்பினோம். இறங்கும்போது அக்கா, "பிள்ளை, ரெண்டு அறை வீடு எண்டால் எந்தப் பக்கம் பாக்கலாம்?" என்று கேட்டார்.

வீடு கிடைக்க மாரி வந்துவிட்டது. மகள் வர அதற்கு மேலும் ஒரு வருடம் எடுத்தது. வந்துவிட்டாள். விமான நிலையத்துக்கு அக்காவோடு நானும் போனேன். அதைப் பற்றி இங்கே எழுதினால் இது வேலைக் குறிப்பாக இருக்காது.

8. வழக்கம்

அடுத்த வருடம் பள்ளி தொடங்க முன் அதிபர் அம்மா சமையலறைக்கு வந்தார். "போன வருசம்போலப் பால் சாப்பாடே வைப்பம். கூம்புக்காகப் பிள்ளையள் ஒருத்தரும் அழேல்லை" என்றார். அதற்கடுத்த வருடம் யாரும் கேட்கவே இல்லை, அப்படியே நடந்தது. போன வருடம் புதிதாக வந்த ஒரு தாய், மகனுக்குக் கிரீம் சூப் ஊற்றியபடி தன் மாமியாருக்குச் சொல்வதைக் கேட்டேன்: "இந்தப் பள்ளிக்கூடத்திலை முதல் நாள் பால் சாப்பாடுதான் மாமி. அது இவையின்ரை பழைய வழக்கம்."

அக்கா பக்கத்தில் நின்று பாண் கூடையை வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு ஜேர்மன் நன்றாக விளங்கும். என்னைப் பார்க்காமலே சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தார்.

வேலைக்குப் போகும் தங்கைமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாங்கள் எங்கே போனாலும் எங்கள் சுத்தத்தையும் கூடவே கொண்டுபோகிறோம். அது நல்லதுதான், ஆனால் சாப்பிடுகிறவரின் சுத்தம் வேறாக இருக்கும். நிறத்தைப் பாடமாக்கினால் போதாது, காரணத்தையும் கேளுங்கள். அப்படியும் பிழை வரும். வந்தால், சாப்பாடு மேசைக்குப் போக முன் வாயைத் திறவுங்கள். மாற்றிச் சமைக்க அப்போது இன்னும் நேரம் இருக்கும்.